பக்கவாட்டுக் கதவு

முதல் பெட்டி என் தப்பு.
பாகலூர் ரோட்டில் இருநூறு ரூபாய்க்கு
ஒரு பழைய மீன்தொட்டி.
அகலம் இருந்தது, உயரம் இல்லை.
மூடி மேலே திறக்கும்.
அதுவோ மேல்மூலையில்தான் வீடு கட்டும்.
தண்ணீர் வைக்கப் போகும் ஒவ்வொரு முறையும்
கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது என் கை.
நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால்
அதே மூலையில் மறுபடி நெய்திருக்கும்.
ஐந்து தடவை.
ஆறாவது தடவை நெய்யவில்லை.
தரையில் வந்து உட்கார்ந்திருந்தது,
எட்டுக் கால் நுனியிலும் ரோஜா நிறத்தோடு,
பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி.

சிப்காட்டில் எனக்குப் பிஸ்டன் பின் அளக்கும் வேலை.
பத்து மைக்ரான் தாண்டினால் சிவப்புத் தட்டு.
கண்ணாடியில் கால் பரப்பி அது ஒட்டியிருந்த ஒரு ராத்திரி
வெளியிலிருந்து வெர்னியரை வைத்தேன்.
நுனிக்கு நுனி நூற்று இருபத்தொன்பது மில்லி.
வளர்ந்து முடித்த பெண்.
அகலம் அதில் இரண்டு பங்கு போதும்,
உயரம் மூன்றுக்குக் குறையக் கூடாது.
நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

ராயக்கோட்டை ரோட்டில்
போர்டு செய்கிற முனிவெங்கடப்பா கேட்டார்:
"சாமிக்கா மேடம்?"
"சிலந்திக்கு."
கொஞ்ச நேரம் அக்ரிலிக் ஷீட்டையே பார்த்தார்.
"அப்போ அஞ்சு எம்எம் போடுங்க.
மூணு வளைஞ்சிரும்."

இடது சுவரில் கீழே இருபது துளை,
வலது சுவரில் மேலே இருபது.
காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் ஏறிப் போக.
ஈரம் வேண்டும், தேங்கிய ஈரம் கொல்லும்.
கம்பிவலை வேண்டாம் என்றேன்,
நகம் மாட்டினால் கால் போய்விடும்.
பசை வாசனை போக
ஒன்பது நாள் மொட்டைமாடியில் திறந்து வைத்தேன்.

ரோஜாப் பண்ணையில் வேலை செய்யும் தில்ஷாத்
ஒரு சாக்கு தேங்காய் நார்த்தூள் தருவதாகச் சொன்னாள்.
மருந்தடித்த மண் வேண்டாமடி.
காவேரிப்பட்டணத்து மாம்பட்டையும் அப்படித்தான்,
பூக்கும்முன் ஒன்று, பூத்தபின் ஒன்று அடித்திருப்பார்கள்.
கடைசியில் அரூரிலிருந்து அண்ணன்
ஓடையோரம் விழுந்து கிடந்த நாவல் மரத்தில்
முழங்கை நீளப் பட்டையைப் பெயர்த்து
பஸ்ஸில் போட்டுவிட்டான்.
சர்க்கரைக்கா என்று மட்டும் கேட்டான்.
ஆமாம் என்றேன்.
கொதிநீர் ஊற்றி, காயவைத்து,
பின்சுவரில் சாய்த்து நிறுத்தினேன்:
உள்பக்கம் குடைவு,
ஒரு ஆள் நுழைகிற அளவு.
அதன் கணக்கில் ஆள்.

கதவு முன்னால், கீழ்ப் பாதியில் மட்டும்.
தண்ணீர்க் கிண்ணத்துக்கும் கரப்பானுக்கும் அது போதும்.
மேல் பாதி எனக்கு இல்லை.

இந்த அறைக்கு முன் ஏழு அறை பார்த்திருக்கிறேன்.
"தனியாவா?" என்ற கேள்வியிலேயே நான்கு முடிந்தது.
இது எட்டாவது. ஜன்னல் உண்டு.
சாலம்மாவிடம் இன்னொரு சாவியும் உண்டு.
நான் இல்லாதபோது வந்து
பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்திருப்பார்,
கொடியில் துணி மடித்திருக்கும்.
நல்ல மனசுதான்.
ஒவ்வொரு தடவையும்
நான் மறுபடி கலைத்து வைப்பேன்.

புதுப் பெட்டியில் பதினொரு நாள் அசையவில்லை.
பன்னிரண்டாம் நாள் பட்டையின் உச்சியில்
புகை மாதிரி ஒரு மங்கல்.
மூன்று வாரத்தில் குழாய் மாதிரி வீடு,
இரண்டு வாசல்.
அதற்குள் சட்டை உரித்துக்கொண்டு
பழைய உடம்பை வெளியே தள்ளியிருந்தது,
அப்படியே, கால் மயிர்கூடக் கலையாமல்.
எடுத்து அலமாரியில் வைத்தேன்.

சாலம்மா பார்த்தது அதைத்தான்.
அலறல் மத்திகிரி வரை கேட்டதாகத்
தில்ஷாத் சொல்கிறாள்.
காலி செய்யச் சொல்வார் என்று
பையை எடுத்துத் தூசி தட்டினேன்.

சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் மோட்டார் ஓடும் நேரம்,
கதவு தட்டுகிற சத்தம்.
"உள்ள இருக்கியாம்மா?"
இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு
தாழ்ப்பாளில் கை வைத்தபடி
ஒரு நிமிஷம்
சும்மா உள்ளேயே நின்றேன்.